எட்டு நிமிடத்தில் சாமுண்டி மலை

குப்புசாமி: “மைசூர் மாநகரப் பெருமக்களே, தாய்மார்களே, மோட்டார் வாகனச் சொந்தக்காரர்களே. சுதந்திர பாரதம் தன் முதல் பொதுத் தேர்தலைச் சந்திப்பதற்கு முன்பாகவே, மைசூர் மோட்டார் முன்னேற்ற சபை உலகத்துக்கு ஓர் அறிவிப்பைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் ஆண்டு, அக்டோபர் மாதம், சனிக்கிழமை காலை சரியாக ஒன்பது மணி எட்டு நிமிடத்துக்கு மனித குலம் சாமுண்டி மலையின் உச்சியை வந்தடைந்தது. இதற்கு முன்பும் வந்திருக்கிறது. நடந்து வந்திருக்கிறது. மாட்டு வண்டியில் வந்திருக்கிறது. பஸ்ஸில் மூச்சுத் திணறி வந்திருக்கிறது. இன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன் புகையைத் தானே குடித்துக்கொண்டு வந்திருக்கிறது…”

வால்டர்: சார், காலைக் கொஞ்சம் நகத்துங்க. ஸ்பானர் உங்க செருப்புக்கு அடியில இருக்கு.

குப்புசாமி: முக்கியமான இடத்துல குறுக்க பேசறியே. எங்க விட்டேன்?

வால்டர்: புகையைக் குடிச்சுக்கிட்டு வந்திருக்கிறது.

குப்புசாமி: ஆங். இப்ப மணி என்ன?

வால்டர்: ஒன்பதரை.

குப்புசாமி: பேச்சுல எட்டு நிமிஷம்னு இருக்கு.

வால்டர்: நாம இன்னும் பாதி மலையில இருக்கோம் சார்.

குப்புசாமி: அது எனக்குத் தெரியாதா? நந்தி திருப்பத்துல நின்ன கார்ல இருபத்தஞ்சு நிமிஷமா உக்காந்திருக்கேன். போறவன் வர்றவனெல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டுப் போறான்.

வால்டர்: ஆயுத பூஜை முடிஞ்சு நாலு நாளாச்சு. மாலை, வாழைக்கன்னு, குங்குமம்… ஒண்ணையும் அவுக்க விடமாட்டேன்னுட்டீங்க. தேர்னு நினைச்சிருப்பாங்க.

குப்புசாமி: இது சபையோட கார்ப்பா. சபையோட கௌரவம்.

வால்டர்: சபைன்னா நீங்க ஒருத்தர்தானே சார்.

குப்புசாமி: தலைவர் நான். செயலாளர் நீ. கமிட்டியில அஞ்சு இடம் காலி. அது வேற விஷயம்… ஏன் நின்னுச்சுன்னு கண்டுபிடிச்சியா?

வால்டர்: பாத்துக்கிட்டே இருக்கேன்.

குப்புசாமி: இருபத்தஞ்சு நிமிஷமா அதே நட்டைத்தான் பாக்கற.

வால்டர்: அது முக்கியமான நட்டு.

குப்புசாமி: மேல யாரெல்லாம் காத்திருக்காங்கன்னு நினைவிருக்கா?

வால்டர்: நினைவில்லாம என்ன சார். பஸ் முதலாளி பசவராஜ் கைக்கடியாரத்தை வச்சிக்கிட்டு நிப்பார். ஒன்பது மணிக்கு அடிவாரத்துல கிளம்பி எட்டு நிமிஷத்துல ஏறினா அவர் ஒர்க்‌ஷாப்புல ஃபோர்மேன் வேலை எனக்கு. பர்மனென்ட். ஏறலைன்னா…

குப்புசாமி: ஏறிடும்.

வால்டர்: பக்கத்துல எட்வர்ட் மாஸ்டர் நிப்பார். அவர் பக்கத்துல மெட்டில்டா. ஆஸ்பத்திரியில நைட் டூட்டி முடிச்சிட்டு, யூனிஃபார்மோட நேரா வந்திருப்பா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, சர்ச்சுல சாமியார் எங்க கல்யாண அறிவிப்பை, ஓலையை, எல்லார் முன்னாலயும் வாசிக்கணும். “நிரந்தர வேலை இல்லாதவன் பேரை என் பொண்ணு பேரோட சேத்துப் படிக்க விடமாட்டேன், மலை ஏறிட்டு வந்து சாமியார்கிட்ட பேசிக்கோ”ன்னுட்டார் மாஸ்டர்.

குப்புசாமி: உலகத்துல எந்த மாப்பிள்ளைக்கும் இப்படி ஒரு பரீட்சை நடந்ததில்ல. இதையும் பேச்சுல சேக்கலாமா?

வால்டர்: வேணாம் சார்.

குப்புசாமி: உனக்கு இதோட பெருமை புரியலை. நீ செஞ்சவன், அதனாலதான் புரியலை. இன்னும் பத்து வருஷத்துல பார். விரைவு கார்னா இதுதான். பெரிய என்ஜின், பன்னெண்டு சிலிண்டர், இதெல்லாம் போயிடும். சின்ன என்ஜின், மேல ஒரு டர்போ. மைசூர்ல இட்லி தின்னுட்டுக் கிளம்பினா, கையில சட்னி காயறதுக்குள்ள பெங்களூர்.

வால்டர்: நடுவுல ஸ்ரீரங்கப்பட்டணத்துல மாடு நிக்கும்.

குப்புசாமி: எதிர்காலத்துல மாடு நிக்காது.

வால்டர்: மாடுங்களுக்குச் சொல்லியாச்சா?

குப்புசாமி: கிண்டல் பண்ணாதே. தத்துவம் என்ன? என்ஜின் புகையை வெளிய விடுது. இவ்வளவு காலமா அது வீண். அந்தப் புகையைப் பிடிச்சு மறுபடியும் என்ஜினுக்கே குடிக்கக் குடுத்தா…

வால்டர்: குடிக்கக் குடுத்தா செத்துடும் சார். நூறு தடவை சொல்லிட்டேன். புகை வெளிய போற வேகத்துல ஒரு சக்கரத்தைச் சுத்தும். அதே தண்டுல அந்தப் பக்கம் இன்னொரு சக்கரம். அது வெளிக்காத்தை இழுத்து என்ஜினுக்குள்ள அமுக்கும். காத்து ஜாஸ்தியாப் போனா பெட்ரோலும் ஜாஸ்தியா எரியும், சக்தியும் ஜாஸ்தி. கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி. துருத்தியை ஆள் அமுக்கறதுக்குப் பதிலா புகையே அமுக்குது. அவ்வளவுதான்.

குப்புசாமி: அவ்வளவுதான்னு சொல்றான் பார். அமெரிக்காக்காரன் குண்டு போடற விமானத்துல வச்சிருந்ததை, நம்ம அக்ரகார சர்க்கிள் ஒர்க்‌ஷாப்புல ஒரு கார்ல வச்சிருக்கான். கேட்டா அவ்வளவுதான்ங்கறான்.

வால்டர்: யுத்தத்தப்போ பெங்களூர்ல அந்த விமானங்களுக்கு ரிப்பேர் வேலை பாத்தேன். அங்க பாத்தது. நான் கண்டுபிடிக்கலை.

குப்புசாமி: பேச்சுல நீ கண்டுபிடிச்சதாத்தான் இருக்கு. என் மேற்பார்வையில.

வால்டர்: ரெண்டு மாசம் டயம் குடுங்கன்னு கேட்டேன் சார். நீங்க ரெண்டே நாள்ல நோட்டீஸ் அடிச்சு, தசரா கூட்டம் பூரா வினியோகம் பண்ணிட்டீங்க.

குப்புசாமி: ரெண்டு மாசம் எதுக்கு? அதான் ஓடுதே. போன வாரம் இர்வின் ரோட்டுல போனோமே, எப்படிப் பறந்துச்சு. மிதிச்ச உடனே முதுகு அப்படியே சீட்டுல போய் ஒட்டிக்கிச்சு. நாற்பது வருஷம் எக்சைஸ் இலாகாவுல இருந்தேன், எத்தனையோ ஜீப்புல போயிருக்கேன். என் முதுகு எங்கயும் இப்படி ஒட்டினதில்ல.

வால்டர்: ம்.

குப்புசாமி: அந்த விசில் சத்தம் வேற. ஊய்ய்ங்னு. ஜட்கா குதிரை மூணு மிரண்டுச்சு. தேவராஜ மார்க்கெட்ல பூக்கடை லிங்கம்மா, ஏதோ விமானம் விழுதுன்னு கூடையைத் தலையில கவுத்துக்கிட்டா.

வால்டர்: ஆமா சார். கேள்விப்பட்டேன்.

குப்புசாமி: நீ ஏன் இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுட்டு நிக்கற? எங்க கோளாறுன்னு சொல்லு.

வால்டர்: கார்புரேட்டரா இருக்கலாம். பிளக்கா இருக்கலாம்.

குப்புசாமி: டர்போவா இருக்குமோ?

வால்டர்: இருக்காது.

குப்புசாமி: எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்ற? திறந்து பாத்தியா?

வால்டர்: திறக்கணும்ங்கறீங்களா?

குப்புசாமி: வேணாம் வேணாம். நான் திறக்கச் சொல்லலை.

வால்டர்: நானும் அதான் சொல்றேன். இப்பத் திறக்க வேணாம்.

குப்புசாமி: சூடா இருக்கும்.

வால்டர்: பயங்கரச் சூடு.

குப்புசாமி: மணல் தூசி உள்ள போயிடும்.

வால்டர்: போச்சுன்னா அவ்வளவுதான்.

குப்புசாமி: தங்க நிறப் பெயிண்ட் வேற அடிச்சிருக்கேன். போல்ட்டைக் கழட்டினா உதிரும்.

வால்டர்: மேலுக்கு எவ்வளவு அழகா இருக்கு. அதைப் போய் ஏன்…

குப்புசாமி: அதானே. வால்டர், ஒண்ணு கேக்கட்டுமா? உள்ள இருக்கிற அந்தச் சக்கரத்துல ஏதாவது… சின்னதா ஏதாவது… மாட்டிக்கிச்சுன்னா என்ன ஆகும்?

வால்டர்: சின்னதான்னா?

குப்புசாமி: பேச்சுக்குக் கேக்கறேன். கல்லு, பூ, அந்த மாதிரி.

வால்டர்: நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுத்து சுத்தும். உள்ள எது போனாலும் கூழாயிடும். சக்கரமும் உடையும்.

குப்புசாமி: கூழாயிடுமா…

வால்டர்: ஏன் சார் வேர்க்குது உங்களுக்கு?

குப்புசாமி: வெயில்.

வால்டர்: நிழல்லதானே உக்காந்திருக்கீங்க… சார். மேலேருந்து ஒருத்தர் இறங்கி வர்றார். குடை பிடிச்சிட்டு.

குப்புசாமி: பசவராஜா?

வால்டர்: அவரேதான். தனியா வர்றார். வேகமா வர்றார்.

குப்புசாமி: நீ பேசாதே. நான் பேசறேன். “வருக வருக பசவராஜ் அவர்களே. விஞ்ஞானத்தின் பாதையில் ஒரு சிறு இளைப்பாறல்…”

பசவராஜ்: சாக்கு ஸ்வாமி, சாக்கு, போதும். பாஷணம் வேண்டாம். மேலே பேண்டுக்காரங்க மூணு பாட்டு வாசிச்சிட்டாங்க. நாலாவது பாட்டு அவங்களுக்குத் தெரியாதாம். முதல் பாட்டையே திரும்ப வாசிக்கிறாங்க. என்ன ஆயிது?

குப்புசாமி: ஒண்ணும் ஆகலை. அதிக சக்தி காரணமா…

பசவராஜ்: அதிக சக்தி இருந்தா வண்டி ஏன் நிக்குது?

குப்புசாமி: அதான் விஞ்ஞானம்.

பசவராஜ்: ஏனப்பா வால்டர், நீ சொல்லு. மேலே அந்த மாஸ்டர் என் முகத்தைப் பாக்கறார், நான் அவர் முகத்தைப் பாக்கறேன். பொண்ணு ரோட்டையே பாத்துட்டு நிக்குது. என்னாலே அங்கே நிக்க முடியலை, இறங்கி வந்துட்டேன்.

வால்டர்: பாத்துக்கிட்டிருக்கேன் முதலாளி. உங்க வேட்டியில என்ன, சிவப்பா?

பசவராஜ்: எங்கே? அதா… குங்குமம்.

குப்புசாமி: குங்குமம் அவ்வளவு பளபளக்குமா?

பசவராஜ்: இந்த ஊர் குங்குமம் பளபளக்கும். வண்டி விஷயத்துக்கு வாங்க. இந்தத் தங்க அண்டாதான் டர்போவா? என்ஜினை விட இதுதான் பெருசா இருக்கு. என்ஜின் மூடியைக் கூட மூட முடியாம கயிறு போட்டுக் கட்டியிருக்கே.

குப்புசாமி: எதிர்காலம் எப்பவும் கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டுதான் இருக்கும்.

பசவராஜ்: கோளாறு இதுக்குள்ளே இருந்தா? திறப்பா. பாத்துடலாம்.

குப்புசாமி, வால்டர்: வேணாம்.

பசவராஜ்: ரெண்டு பேரும் ஒண்ணா சொல்றீங்க. முன்னாடியே பேசி வச்சீங்களா?

வால்டர்: சூடு முதலாளி.

பசவராஜ்: நோடி, பாருங்க, கையை வச்சிட்டேன். பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு.

குப்புசாமி: அது… குளிரவைக்கிற குணமும் அதுக்கு உண்டு.

பசவராஜ்: இங்கே பாருங்க. நான் பஸ் ஓட்டறவன். நாலு பஸ். மைசூர், நஞ்சன்கூடு, கொள்ளேகால். ஃபோர்மேன்னா, பாதி ரோட்டுலே வண்டி நின்னா ஏன் நின்னுதுன்னு எனக்குச் சொல்றவன். இவன் செஞ்ச மெஷின் இவன் கையாலேயே கெட்டுதுன்னா, இவனை நான் வேலைக்கு வச்சு என்ன பிரயோஜனம்? நான் மேலே போய், ஆகல்லன்னு சொல்லிடறேன். மாஸ்டர் வீட்டுக்குப் போகட்டும்.

வால்டர்: முதலாளி…

பசவராஜ்: அவ்வளவுதானப்பா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.

குப்புசாமி: நில்லுங்க.

பசவராஜ்: என்ன ஸ்வாமி?

குப்புசாமி: இவன் மேல தப்பில்ல.

வால்டர்: சார், நீங்க சும்மா இருங்க.

குப்புசாமி: நாலு நாளாச் சும்மாதான் இருந்தேன். ராத்திரி தூக்கம் இல்ல. பசவராஜ், செவ்வாய்க்கிழமை ஆயுத பூஜை. இவன் ஒர்க்‌ஷாப்புல எல்லாத்துக்கும் பொட்டு வச்சான். டயருக்கு, ஸ்டியரிங்குக்கு, ஜாக்கிக்கு, ஸ்பானருக்கு. கிறிஸ்தவன்தான், ஆனா குறை வைக்கலை. நாலு சக்கரத்துக்கு அடியில நாலு எலுமிச்சம்பழம் வச்சான். கையில ஒரு பழம் மிச்சம் இருந்துச்சு. இவன் டீ வாங்கப் போயிருந்தான். எனக்கு மனசு கேக்கலை. பழைய காலத்துச் சக்கரத்துக்கெல்லாம் பழம் உண்டு, எதிர்காலத்துக்கு ஒண்ணும் இல்லையான்னு தோணிச்சு. வாய் மாதிரி இருக்கே, இந்தக் குழாய்… இதுக்கு மேல வச்சேன்.

பசவராஜ்: வச்சா?

குப்புசாமி: உள்ள விழுந்துடுச்சு.

பசவராஜ்: எடுக்கல்லியா?

குப்புசாமி: கையை விட்டேன், எட்டலை. எதிர்காலம் ஆழமா இருக்கு. இவன் டீயோட வந்துட்டான். சொல்லலை. சபைத் தலைவர் நான்… எப்படிச் சொல்றது? ஓடிச்சுன்னா பழம் தானா வெளிய வந்துடும்னு நினைச்சேன். இப்பத்தான் சொல்றான், கூழாயிடும், சக்கரம் உடையும்னு. உடைச்சது நான். இவன் வேலையில ஒரு குத்தமும் இல்ல. இவனுக்கு அந்த வேலையைக் குடுத்துடுங்க. நோட்டீஸை வேணா நான் வாபஸ் வாங்கிக்கறேன்.

பசவராஜ்: கேட்டியா வால்டர்? உன் மேலே தப்பில்லையாம்.

வால்டர்: கேட்டேன்.

பசவராஜ்: முகத்துலே சந்தோஷமே காணலையே.

வால்டர்: சந்தோஷம்தான்.

பசவராஜ்: சரி, எலுமிச்சம்பழம்தான் காரணம்னா பழத்தை எடுத்துடுவோம். என் கை நீளம். குடையைப் பிடிங்க ஸ்வாமி.

வால்டர்: முதலாளி, கையை விடாதீங்க.

பசவராஜ்: கடிக்கவா போகுது? இரு… இங்கே இல்லை… இன்னும் கீழே… ஆங். சிக்கிது.

குப்புசாமி: என்னால பாக்க முடியாது. கூழா?

பசவராஜ்: கண்ணைத் திறங்க ஸ்வாமி.

குப்புசாமி: இது… முழுசா இருக்கு.

பசவராஜ்: முழுசுதான். மேலே வச்ச குங்குமம் கூட அழியல்ல. கொஞ்சம் வாடியிருக்கு. ஊறுகாய்க்கு ஆகும்.

குப்புசாமி: தெய்வச் செயல். இருபதாயிரம் சுத்து சுத்தியும் பழத்துல ஒரு கீறல் இல்ல. பேச்சுல இதை…

பசவராஜ்: வால்டர்.

வால்டர்: சொல்லுங்க முதலாளி.

பசவராஜ்: உள்ளே என் கைக்குப் பழம் மட்டும்தான் சிக்கிது. சக்கரம் எங்கே?

குப்புசாமி: சக்கரம் எங்கடா?

வால்டர்: இல்ல சார்.

குப்புசாமி: இல்லைன்னா?

வால்டர்: யுத்தம் முடிஞ்சு பட்டாளத்து மிச்சச் சாமானை வித்த டிஸ்போசல் ஏலத்துல எடுத்தது. கூடு மட்டும்தான் வந்துச்சு. சக்கரத்தைத் தனியா வேற யாரோ எடுத்துட்டான். மெட்ராஸ்ல ஒருத்தன்கிட்ட இருக்குன்னாங்க, எழுதிப் போட்டேன். அதுக்குத்தான் ரெண்டு மாசம் கேட்டேன். சும்மா அளவு பாக்க என்ஜின் மேல வச்சிருந்தேன், நீங்க வந்து பாத்தீங்க, அன்னிக்கே பெயிண்டரைக் கூட்டிட்டு வந்துட்டீங்க.

குப்புசாமி: இந்தக் குழாயெல்லாம்?

வால்டர்: என்ஜினுக்குப் பின்னாடி போய் நிக்குது. எதுலயும் சேரலை.

குப்புசாமி: விசில்? அந்த ஊய்ய்ங்?

வால்டர்: சைலன்சர் நுனியில ரெண்டு போலீஸ் விசிலை வச்சு வெல்டிங் பண்ணினேன். அப்போ சும்மா தமாஷுக்கு. நீங்க கண்ல தண்ணியோட கேட்டுட்டு நின்னீங்க. அப்புறம் கழட்ட மனசு வரலை.

குப்புசாமி: என் முதுகு ஒட்டிச்சே. அதுவும் பொய்யா?

வால்டர்: சீட் போல்ட் லூஸ் சார்.

பசவராஜ்: அப்போ வண்டி ஏன் நின்னுது? சக்கரம் இல்லை, பழம் நசுங்கல்ல. இருபத்தஞ்சு நிமிஷமா எந்த நட்டை முறுக்கினே?

வால்டர்: பெட்ரோல் தீந்து போச்சு முதலாளி. நின்ன உடனேயே தெரியும். “டர்போ இருக்கு, புகையே பாதி வேலை பாத்துக்கும், அரை காலன் போதும்”னு இவர்தான் காலையில அளந்து ஊத்தினார். நான் எப்படி வேணாம்னு சொல்றது? சொன்னா ஏன்னு கேப்பார். இங்க நின்னப்புறம் பெட்ரோல் வேணும்னு சொல்லலாம்னா, ஊத்தினா வண்டி கிளம்பிடும். கிளம்பினா கால் மணி ஆகும் மேல போக. எட்டு நிமிஷம் எங்க வரும்? கோளாறுன்னு சொன்னா இன்னொரு நாள் குடுப்பீங்கன்னு… சக்கரம் வந்துடும்னு…

பசவராஜ்: ம்.

வால்டர்: நானே மேல போய் மாஸ்டர்கிட்ட சொல்லிடறேன். மெட்டில்டாகிட்டயும். நீங்க சொல்ல வேணாம்.

குப்புசாமி: சபையோட செயலாளர் இப்படிப் பண்ணலாமா?

வால்டர்: ராஜினாமா குடுத்துடறேன் சார்.

குப்புசாமி: குடு. அப்புறம் கமிட்டியில யாரு இருப்பா? வேணாம், இரு.

பசவராஜ்: அந்த விசில் எவ்வளவு தூரம் கேக்கும்?

வால்டர்: என்ன முதலாளி?

பசவராஜ்: விசில். பஸ் ஸ்டாண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கேக்குமா?

வால்டர்: கேக்கும்.

பசவராஜ்: டீசல் வண்டியிலே?

வால்டர்: இன்னும் நல்லாக் கேக்கும். ஏன்?

பசவராஜ்: இந்தக் கூடு இருக்கே, இதே மாதிரி தகரத்துலே அடிக்க உனக்கு எத்தனை நாள் ஆகும்? தங்கப் பெயிண்டோடே.

வால்டர்: ஒண்ணுக்கு ஒரு நாள். ஆனா அது வெறும் கூடு முதலாளி. உள்ள ஒண்ணும் இருக்காது.

பசவராஜ்: அது கையை விட்டுப் பாத்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. சீட் போல்ட்டை லூஸ் பண்றது கஷ்டமா?

வால்டர்: அரைத் திருகு போதும்.

பசவராஜ்: ஆகலி, சரி. திங்கட்கிழமை காலையிலே எட்டு மணிக்கு ஒர்க்‌ஷாப்புக்கு வந்துடு. ஃபோர்மேன். பர்மனென்ட். நாளைக்கு உன் ஓலையைப் படிக்கச் சொல்லு, மாஸ்டர்கிட்டே நான் சொல்லிக்கறேன்.

வால்டர்: முதலாளி… நெஜமாவா?

குப்புசாமி: எனக்கு ஒண்ணும் புரியலை பசவராஜ். வண்டி மலை ஏறலை. டர்போவே இல்ல. ஊரையே ஏமாத்தினவனுக்கு எதுக்கு வேலை?

பசவராஜ்: என் நாலு பஸ்ஸிலேயும் நேத்துச் சாயங்காலமே ‘டர்போ சர்வீஸ்’னு சிவப்புப் பெயிண்டாலே எழுதியாச்சு.